எப்ப நிக்குது எண்டு சொல்லுங்கோ

போன் கடைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான். போன் தானாக நிற்கிறது, கொம்பனிப் பெயரைக் காட்டுகிறது, திரும்ப எழும்புகிறது. கடைக்கு வருகிற ஆட்களும் இதைத்தான் சொல்கிறார்கள். "அண்ணை, செத்துச் செத்து உயிர் வருது" என்றார் போன கிழமை ஒருவர். கிளிநொச்சி கரடிப்போக்கில் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற எல்லாரிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி "எப்ப நிக்குது?" என்பது. "சும்மா சும்மா நிக்குது" என்பார்கள். போன் சும்மா நிற்காது. கமராவைத் திறக்கும்போதா, சட்டைப் பையில் இருக்கும்போதா, சார்ஜில் போட்டபோதா, மூன்று நிமிசத்துக்கு ஒருமுறை மணிக்கூடு மாதிரியா? அதைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தால் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். இந்த மாதம் எழுதியவர்கள் சிலர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலிடம்.

கேள்வி: மூன்று வருசம் பாவித்த அன்ட்ரொயிட் போன். சாதாரணமாகக் கதைத்தால் ஒரு குறையும் இல்லை. மகளோடு வீடியோ கோல் எடுத்தால் இரண்டு நிமிசத்தில் நின்றுவிடுகிறது. இருட்டில் படம் எடுத்தாலும் நிற்கிறது. நிற்கும்போது சார்ஜ் 40 வீதம் இருக்கும். திரும்ப எழும்பும்போது 12 வீதம் என்று காட்டும். சார்ஜரில் செருகியபடி கதைத்தால் நிற்பதே இல்லை. போனுக்குள் இருக்கிற மெயின் போர்ட் (சர்க்கிட் பலகை) பழுது, மாற்ற 18,000 ரூபா என்று ஒரு கடையில் சொன்னார்கள். மாற்றலாமா?
– ஒரு வாசகி, மல்லாவி

பதில்: மாற்றாதீர்கள் அக்கா. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. "சார்ஜரில் செருகினால் நிற்பதில்லை" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்கே உங்களுக்கு என் கடையில் ஒரு பிளேன்ரீ தரலாம். பழுதானது பற்றரி.

மல்லாவிக்காரருக்குக் குளத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். குளத்தில் தண்ணி நிற்கிறது. ஆனால் தண்ணி திறந்துவிடுகிற துருசில் சேறும் வேரும் அடைத்துக் கிடக்கிறது. ஒரு வயலுக்கு மட்டும் திறந்தால் மெதுவாகப் போய்ச் சேரும். பத்து வயலுக்கு ஒரேயடியாகத் திறந்தால் வாய்க்கால் வற்றிவிடும். குளத்தில் தண்ணி இருந்தும் கடைசி வயலுக்கு இல்லை. பழைய பற்றரி இப்படித்தான். உள்ளே சார்ஜ் இருக்கிறது, ஆனால் பற்றரியின் உள்தடை, அதாவது உள்ளே கரண்ட் ஓடுவதைத் தடுக்கிற தன்மை, கூடிவிட்டதால் கேட்ட வேகத்துக்குக் கொடுக்க அதால் ஏலாது. வெறுமனே கதைக்கும்போது போன் கொஞ்சம்தான் கேட்கும். வீடியோ கோலில் கமரா, திரை, டேட்டா, ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். இருட்டில் படம் எடுத்தால் பிளாஷ் ஒரு இழுப்பு இழுக்கும். அந்த நொடியில் வோல்ற் விழும். நிறைந்த பற்றரி 4.2 முதல் 4.4 வோல்ற் வரை இருக்கும், 3.4க்கு அண்மையில் விழுந்தால் பல போன்கள் தாங்காமல் நின்றுவிடும். நின்றதும் சுமை இறங்கும், வோல்ற் திரும்ப ஏறும், போன் எழும்பும். 40 என்பது போன் போட்ட கணக்கு. விழுந்து எழும்பியபின் அது கணக்கைத் திருத்திப் பார்த்து 12 என்று சொல்கிறது. 40 பொய், 12 மெய்.

இது மலிவுப் போன்களின் வருத்தம் என்று நினைக்க வேண்டாம். 2016 இல் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்தவர்களுக்கும் இதே கதை. சார்ஜ் இருக்கும்போதே நின்றது. அப்பிள் அதற்கு ஒரு வழி செய்தது: பற்றரி பழசானால் போனின் வேகத்தைக் குறைத்துவிடுகிற மாதிரி மென்பொருளை மாற்றியது. ஆட்களுக்கு அதை ஒழுங்காகச் சொல்லவில்லை. 2017 மார்கழியில் குட்டு வெளிப்பட்டு மன்னிப்புக் கேட்டு, அடுத்த வருசம் முழுக்கப் பற்றரியைக் குறைந்த விலைக்கு மாற்றிக் கொடுத்தது. ஐபோனில் "பற்றரி ஹெல்த்" என்ற பக்கம் வந்ததும் அதற்குப் பிறகுதான். அந்தப் பழைய ஐபோன் பற்றரிகள் 500 முறை நிறைந்து வடிந்தபின் 80 வீதம் கொள்ளும் என்பது அவர்களே சொல்கிற கணக்கு. நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் 500 என்பது ஒன்றரை வருசத்துக்குள் வந்துவிடும். உங்களுடையது மூன்று வருசம்.

போர்ட் என்று சொன்ன கடைக்கே திரும்பப் போய், "பற்றரியைக் கழற்றிப்போட்டு பவர் சப்ளையில் கொழுவிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். திருத்துகிற மேசையில் வோல்ற்றையும் அம்பியரையும் காட்டுகிற பெட்டி ஒன்று இருக்கும். அதில் 4 வோல்ற் கொடுத்து, கமராவையும் பிளாஷையும் போட்டுப் பார்க்க வேண்டும். நிற்காமல் ஓடினால் போர்ட் சுகம். ஐந்து நிமிச வேலை. அதைச் செய்யாமல் போர்ட் என்று சொல்கிறவர் குறி சொல்கிறார்.

இன்னொன்று. போனை மேசையில் மல்லாத்தி வைத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால், அல்லது பின்மூடிக்கும் சட்டத்துக்கும் இடையில் நகம் போகிற இடைவெளி தெரிந்தால், பற்றரி ஊதிவிட்டது. அன்றைக்கே நிறுத்தி, சார்ஜ் போடாமல், கொண்டுபோய் மாற்றுங்கள். ஊதின பற்றரியைக் குத்திக் காற்றெடுக்கப் பார்த்த ஒரு பெடியனின் புருவம் கருகினதை நான் கண்ணால் கண்டவன். கழற்றின பழைய பற்றரியை வீட்டுக்குக் கொண்டுபோய் வளவுக் குப்பையோடு கொளுத்துகிற பழக்கமும் எங்கள் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

புதுப் பற்றரி வாங்கும்போது அதில் அச்சடித்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 5,000 மில்லி அம்பியர் மணி கொள்ளுகிற இடத்தில் அதே தடிப்பில் 8,000 என்று எழுதி வருகிறது. எழுதுகிறதுக்குக் காசா பணமா. கையில் எடுத்தால் நிறை குறைந்திருக்கும்.

கேள்வி: வயலுக்குப் போகும்போது காற்சட்டைப் பையில் போனைப் போடுவேன். எடுத்துப் பார்த்தால் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும், சில நேரம் நின்றுபோயிருக்கும். வீட்டில் மேசையில் கிடந்தால் நாள் முழுக்க ஒன்றும் இல்லை. வெயில் சூடா காரணம்?
– விசுவமடு

பதில்: தம்பி, முதலில் போனின் கவரைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் பாவியுங்கள். சூடென்றால் போன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும்: "அதிக சூடு, ஆறவிடுங்கள்" என்று திரையில் வரும். உங்களுடையது பட்டன்.

பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி விடாமல் அமத்தினால் பல போன்கள் தாமாகவே நின்று எழும்பும். போன் இறுகிப்போனால் மீட்கிறதுக்காகச் செய்து வைத்த வழி அது. கவர் சூம்பிப்போய், அல்லது வயல் தூசும் வியர்வையும் பட்டனுக்குள் போய் இறுகி, பட்டன் அமந்தபடியே இருந்தால் போனுக்கு என்ன தெரியும்? நீங்கள் அமத்துகிறீர்கள் என்று நினைத்து நிற்கும், எழும்பும், பட்டன் இன்னும் அமந்தே இருப்பதால் திரும்ப நிற்கும். காற்சட்டைப் பைக்குள் தொடை அழுத்துகிறது. மேசையில் கிடந்தால் அழுத்த ஆளில்லை.

இதை நான் படித்தது என் சொந்தப் பிழையில். கடை திறந்த முதல் வருசம். அக்கராயனில் இருந்து ஒரு ஐயா பஸ்ஸில் வந்தார், இதே முறைப்பாடு. எப்ப நிக்குது என்று நான் கேட்கவில்லை. கெட்டிக்காரன் அல்லவா! பற்றரியை மாற்றினேன். இரண்டு நாளில் திரும்ப வந்தார். சொப்ட்வெயர் அடித்தேன், அதாவது போனின் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினேன். போனில் இருந்த எல்லாம் போயிற்று. அவர் தங்கள் கமக்கார அமைப்பின் கணக்கை, யார் யார் காசு கட்டினது, யார் கட்டவில்லை என்பதை, அந்தப் போனின் நோட்ஸில்தான் எழுதி வைத்திருந்தார். நான் விறைத்துப்போய் நிற்கிறேன். மனுசன் ஏசவில்லை. "பரவாயில்லைத் தம்பி, ஆக்களிட்டக் கேட்டு எழுதுவம்" என்றார். கேட்டார். எல்லாரும் கட்டிவிட்டோம் என்றார்களாம்.

மூன்றாம் முறை வந்தபோது போனை மேசையில் வைத்துவிட்டு அவர் கதைத்துக்கொண்டிருந்தார், ஒரு மணித்தியாலம் ஒன்றும் ஆகவில்லை. பைக்குள் போட்டார், ஐந்து நிமிசத்தில் நின்றது. கவரைக் கழற்றினேன். சந்தையில் வாங்கின இறப்பர் கவர், வேறு மொடலுக்கானது, பட்டன் பக்கம் பிதுங்கி அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் திருத்துகோலைத் தொட முதல் கவரைக் கழற்றிப் பார்ப்பேன். சொப்ட்வெயர் அடிக்க முதல், "உள்ள இருக்கிறதெல்லாம் வேற இடத்தில இருக்கா?" என்று கேட்டு, ஆம் என்ற பிறகும் நானே ஒருமுறை பார்ப்பேன்.

கவரைக் கழற்றியும் நின்றால் பட்டனைச் சுற்றி மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டுங்கள். ஊசி விட வேண்டாம். எண்ணெய் விடவே வேண்டாம். தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெயை விட்டுக் கொண்டுவருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியும் சரிவராவிட்டால் பட்டனுக்குப் போகிற பட்டை வயரை மாற்ற வேண்டும். சின்னச் செலவு.

கேள்வி: கனடாவில் இருந்து மாமா அனுப்பின ஐபோன். சார்ஜ் ஏறவில்லை என்று சார்ஜ் செருகுகிற இடத்தை மாற்றினோம். இப்போது சார்ஜ் ஏறுகிறது, ஆனால் மூன்று நிமிசத்துக்கு ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. நானே மணிக்கூடு வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் மூன்று நிமிசம்தான்.
– ஒரு மாணவன், வவுனியா

பதில்: மணிக்கூடு வைத்துப் பார்த்தாயே, வாழ்க. மூன்று நிமிசம் என்று நீ எழுதியவுடன் எனக்குப் போனைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

ஐபோனுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். உள்ளே இருக்கிற வெப்பமானிகள், காற்றழுத்தமானி போன்ற சென்சர்களிடம் இருந்து "நான் இருக்கிறன்" என்று பதில் வருகிறதா என அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். 180 விநாடி பதில் வராவிட்டால் ஏதோ விபரீதம் என்று போனையே நிறுத்தி எழுப்புவான். 180 விநாடி என்றால் மூன்று நிமிசம். சார்ஜ் செருகுகிற பகுதியோடு வருகிற பட்டை வயரிலே மைக்கும், பல மொடல்களில் காற்றழுத்தமானியும் சேர்ந்து இருக்கும். மலிவுப் பட்டையில் அவை இல்லாமலோ வேலை செய்யாமலோ வரும். சார்ஜ் ஏறும், காவல்காரனுக்குப் பதில் போகாது.

நீயே உறுதிப்படுத்தலாம். செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய், அனலிற்றிக்ஸ், அதற்குள் அனலிற்றிக்ஸ் டேட்டா. அங்கே "பெனிக் ஃபுல்" (panic-full) என்று தொடங்குகிற கோப்புகள் நாள் நேரத்தோடு வரிசையாகக் கிடக்கும். புதியதைத் திற. சென்சர் காணவில்லை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "மிக் 1" (mic1) என்றோ "பிஆர்எஸ் 0" (PRS0) என்றோ இருந்தால் அந்தச் சார்ஜ் பட்டைதான் குற்றவாளி. "மிக் 2" என்றால் பவர் பட்டன் பக்கத்துப் பட்டை. "ரிஜி0பி" (TG0B) என்றால் பற்றரி. மூன்று நிமிசத்துக்குள் படித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம். திரையைப் படம் எடுத்து, மாற்றித் தந்த கடையிலேயே காட்டு. சண்டை பிடிக்காமல், "அண்ணை, இந்தப் பட்டையில சென்சர் வேலை செய்யேல்லை, நல்லதொண்டு போட்டுத் தாங்கோ" என்று கேள். பழைய பட்டையை எறியாமல் வைத்திருந்தால் அதையும் கொண்டுபோ. பாகங்கள் இருக்கிற தரத்தில் எனக்கும் இது நடந்திருக்கிறது. நானும் திருப்பிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: மீன்பிடிக்கப் போனபோது போன் படகின் அடியில் தேங்கின தண்ணிக்குள் விழுந்தது. உடனே எடுத்து, வீட்டில் இரண்டு நாள் அரிசிக்குள் வைத்தோம். வேலை செய்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு இப்போது சார்ஜில் போட்டால் நின்று நின்று எழும்புகிறது.
– முல்லைத்தீவு

பதில்: அண்ணை, அரிசி பாவம். அதைச் சமைத்துச் சாப்பிட்டிருக்கலாம்.

தண்ணி காய்ந்தது உண்மை. உப்பு காயாது. அது போர்ட்டில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்து உட்கார்ந்திருக்கும். முல்லைத்தீவுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அந்த ஈரத்தை உப்பு உறிஞ்சும், கரண்ட் போகக் கூடாத வழியால் போகும், செம்பு அரிக்கும். நாங்கள் கறள் என்கிறோமே, அதுதான். சார்ஜ் போடும்போது கூடுதல் கரண்ட் போவதால் அப்போது நிற்கிறது.

அரிசிக்குள் வைக்காதீர்கள் என்று அப்பிளே 2024 தையில் எழுதி வைத்தது. அரிசித் தூளும் துணிக்கையும் உள்ளே போய்ப் பழுதைக் கூட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு இது 2018 மார்கழி வெள்ளத்தில் விளங்கினது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணிக்குள் கிடந்த அந்தக் கிழமை என் மேசையில் போன்களை வைக்க இடமில்லை, ரெஜிபோம் பெட்டியில் போட்டு வைத்தேன். நனைந்தவுடன் நிறுத்தி, சிம்மைக் கழற்றி, அடுத்த நாளே கொண்டுவந்த போன்கள் அனேகமாகப் பிழைத்தன. அரிசி மூட்டைக்குள் ஒரு கிழமை இருந்து வந்தவற்றில் பலது திறந்து பார்த்தால் உள்ளே பாசி பிடித்த கிணறு மாதிரி. அது நல்ல தண்ணி. உங்களுடையது கடல்.

இப்போது சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். படம், தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு போனை நிறுத்திவிட்டுக் கொண்டுபோய், போர்ட்டை ஐசோபுறொப்பைல் அல்ககோலில் தூரிகை போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சார்ஜ் செருகுகிற பகுதியை அனேகமாக மாற்ற வேண்டி வரும். கழுவினபின் பல வருசம் ஓடினதும் உண்டு, மூன்றாம் மாதம் செத்ததும் உண்டு. உறுதி தர எனக்கு வாயில்லை. அடுத்த முறை கடலுக்குப் போகும்போது இரண்டு சொப்பிங் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, வாயைத் திருகி இறப்பர்பாண்ட் போடுங்கள். பெரிய செலவும் வராது.

கேள்வி: வட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அமத்தி ஒரு ஆப் போட்டேன். அன்றிலிருந்து போன் அடிக்கடி ரீஸ்டார்ட். அழித்துவிடலாம் என்றால் எது அந்த ஆப் என்று தேடுவதற்குள் நின்றுவிடுகிறது.
– ஒரு மாணவி, தருமபுரம்

பதில்: தங்கச்சி, "சேஃப் மோட்" என்று ஒன்று இருக்கிறது. பவர் பட்டனை அமத்தினால் நிறுத்துவதற்கான அடையாளம் வரும். அதை விடாமல் அமத்திக்கொண்டிருந்தால் சேஃப் மோட் போகவா என்று கேட்கும். சில போன்களில் எழும்பும்போது ஒலி குறைக்கிற பட்டனை அமத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்படி எழும்பினால் கொம்பனியோடு வந்த ஆப்கள் மட்டும் ஓடும், நீ பிறகு போட்டதெல்லாம் தூங்கும். அங்கே அரை மணித்தியாலம் நிற்காமல் ஓடினால் குற்றம் அந்த ஆப்பில்தான். ஆப் பட்டியலில் போய்க் கடைசியாகப் போட்டதை அகற்று. அது "டிவைஸ் அட்மின்" உரிமை, அதாவது போனையே நிர்வகிக்கிற உரிமை, எடுத்திருந்தால் அகற்ற விடாது. செக்கியூரிட்டிக்குள் போய் முதலில் அந்த உரிமையைப் பிடுங்கு. வங்கி ஆப் வைத்திருந்தால் கடவுச்சொல்லை வேறு போனில் இருந்து மாற்று. சேஃப் மோட்டிலும் நின்றால் ஆப்பைக் குறை சொல்ல ஏலாது, மேலே மல்லாவி அக்காவுக்கு எழுதியதைப் படி.

ஆப்தான் வேண்டும் என்றில்லை, ஒரு படமே போதும். 2020 வைகாசி கடைசியில் உலகம் முழுக்க ஒரு வால்பேப்பர் பரவியது. அமெரிக்காவின் மொன்டானாவில் ஒரு ஏரி, மலை, பின்னால் மேகம். அவ்வளவு வடிவு. அதை வால்பேப்பராகப் போட்ட அன்ட்ரொயிட் 10 போன்கள் பல திரையைக் காட்டுவதும் இருளுவதுமாக முடிவில்லாமல் சுற்றின. வைரஸ் ஒன்றும் இல்லை. படத்தின் நிறக்கணக்கு வேறு மாதிரியானது. போன் அதன் வெளிச்சத்தைக் கணக்குப் போட்டபோது 255க்கு மேல் ஓர் எண் வந்துவிட்டது, 255 வரைக்கும்தான் அதற்குள் இடம். எங்களிடமும் இரண்டு பேர் கொண்டுவந்தார்கள். சேஃப் மோட்டில் எழுப்பிப் படத்தை அழித்தோம். இரண்டாவது ஆள் படத்தைத் தன் போனில் திரும்பப் போட்டுத் தரச் சொன்னார், வடிவாக இருக்காம்.

கேள்வி: கணவர் வெளிநாட்டில். அவர் விட்டுப்போன போனை அலுமாரிக்குள் சார்ஜில் வைத்திருக்கிறேன், தொடுவதில்லை. சில நாளுக்கு ஒருமுறை பார்த்தால் ரீஸ்டார்ட் ஆகி பின் இலக்கம் கேட்டபடி இருக்கிறது. வீட்டில் யாரோ எடுத்துப் பார்க்கிறார்களோ என்று சந்தேகம்.
– ஒரு வாசகி, மாங்குளம்

பதில்: மாமியைச் சந்தேகப்பட வேண்டாம்! இது பழுதும் இல்லை. மூன்று நாள் யாரும் பூட்டைத் திறக்காவிட்டால் போன் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிற ஏற்பாடு ஐபோனில் 2024 இல் ஐஓஎஸ் 18.1 உடன் வந்தது. அன்ட்ரொயிட்டுக்கு 2025 சித்திரையில் கூகிள் பிளே சேர்விசஸ் வழியாக வரத் தொடங்கியது. களவு போன போனை யாரும் குடைந்து பார்க்கக் கூடாது என்பதற்காக. அப்படி எழும்பின போனில் பின் இலக்கம் போடும்வரை கைரேகை வேலை செய்யாது, சில போன்களில் கோல் வந்தால் பெயர் வராமல் இலக்கம் மட்டும் வரும். மூன்று நாளுக்கு முந்தியே ஆகிறதென்றால் செட்டிங்ஸில் "ஓட்டோ ரீஸ்டார்ட்" அல்லது "ஷெடியூல் பவர் ஓன்–ஓஃப்" போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முந்தி அவரே போட்டிருக்கலாம். ஆனால் அலுமாரிக்குள் உடுப்புக்கு நடுவே எந்நேரமும் சார்ஜில் வைப்பதை விடுங்கள். பாதி சார்ஜில் நிறுத்தி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும்.

கேள்வி: எங்கள் தோட்டக் கொட்டிலில் கரண்ட் இல்லை. சின்ன சோலார் தட்டில் இருந்து நேரே யூஎஸ்பி வயரால் சார்ஜ் போடுகிறேன். சார்ஜ் ஏறும், நிற்கும், திரும்ப ஏறும். சில நாள் போனே ரீஸ்டார்ட் ஆகிறது. சோலார் கரண்ட் போனுக்குக் கூடாதா?
– ஒரு விவசாயி, முத்தையன்கட்டு

பதில்: ஐயா, உங்கள் வயதென்றால் சைக்கிள் டைனமோ றேடியோ ஞாபகம் இருக்கும். 90களில் பொருளாதாரத் தடைக்குள் பற்றரி வரவிடாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. பெரியவர்கள் சுற்றி இருந்து செய்தி கேட்பார்கள். எனக்குக் கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரும் சோர்ந்து இழுப்பார். "டேய், சுத்தடா!" என்று அப்பாவின் சத்தம் வரும். மேகம் போகும்போது உங்கள் சோலார் தட்டுக்கும் கை சோர்கிறது. வோல்ற் விழ, போன் சார்ஜை விடும். வெயில் வர, திரும்பப் பிடிக்கும். பகல் முழுக்க இப்படி நூறு முறை. சோலார் கரண்டில் பிழையில்லை, அது நிலையாக வருவதில்லை என்பதுதான் பிரச்சினை.

ரீஸ்டார்ட் ஆவதற்குக் காரணம் அனேகமாக இன்னொன்று. தட்டுக்குப் பக்கத்திலேயே போனையும் வெயிலில் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்பிள் தன் போன்களைப் பாவிக்கச் சொல்கிற வெளிச்சூடு 35 பாகை செல்சியஸ் வரைதான். முத்தையன்கட்டில் சித்திரை வெயிலுக்கு அது போதாது. வெயிலில் கிடக்கிற கறுப்புப் போன் அதையும் தாண்டிக் கொதிக்கும். கொதித்த போனைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிற ஆட்களும் உண்டு. உங்களிடம் கரண்ட் இல்லாததால் அந்தப் பயம் எனக்கில்லை.

ஒரு பவர் பாங்க் வாங்கி, தட்டில் இருந்து அதற்கு ஏற்றுங்கள். அது விட்டு விட்டு வாங்கினாலும் பரவாயில்லை. பொழுதுபட்ட பிறகு கொட்டிலுக்குள் அதில் இருந்து போனுக்கு ஏற்றுங்கள், நிலையாக வரும். பவர் பாங்கையும் வெயிலில் வைக்காமல் தட்டுக்குக் கீழே நிழலில் வையுங்கள். வயர் ஒரு மீற்றருக்கு மேல் நீளம் வேண்டாம். மெல்லிய நீள வயர் வருகிற கொஞ்சக் கரண்டையும் வழியிலேயே தின்றுவிடும்.